பழுப்பேறிய டயலும் ஆவடி ரயிலும்

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஆயுத பூஜை முடிந்து வந்த முதல் ஞாயிறு. ஒரு பழைய கைக்கடிகாரத்தை வாங்க ஆவடிக்குப் போனேன். பழைய கடிகாரம் தேடிப் புறநகர்ப் பக்கம் போகிறவர்கள் இன்றும் உண்டு. அவர்களுக்காக இது.

அப்போது எம்.ஏ. முடித்திருந்தேன். வேலை இல்லை. நகரத்தில் ஓர் ஏலக்கடைக்குக் கடிகாரம் பிடித்துக் கொடுப்பேன். விற்ற விலையில் நூற்றுக்குப் பத்து எனக்கு. சந்தை மாறிக்கொண்டிருந்த காலம். முன்பெல்லாம் பளபளப்புக்குத்தான் விலை. பம்பாய் வியாபாரிகள் ஏலத்துக்கு வரத் தொடங்கியபின் எல்லாம் தலைகீழ். யாரும் கை வைக்காத டயல் வேண்டும் என்றார்கள். டயல் தானாகப் பழுத்து, ஓரத்தில் டீக்கறை போல நிறம் மாறியிருந்தால் ஏழாயிரம், எட்டாயிரம். அதே கடிகாரத்துக்கு மேலே புதுப் பெயிண்ட் அடித்திருந்தால் ஆயிரத்தைத் தாண்டாது. காலம் செய்த சேதத்துக்கு விலை. எனக்கு அது பிடித்திருந்தது. ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை.

தனசேகர் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுபவர். ஒரு மாதம் முன்பு அங்கே டீக்கடையில் அவர் மணிக்கட்டில் அந்தக் கடிகாரத்தைப் பார்த்தேன். சுவிஸ். சாவி கொடுத்து ஓட்டுவது. மாமனார் கட்டியிருந்தது. டயல் ஓரம் முழுக்கப் பழுப்பு. ஏழாயிரம் போகும் என்றேன். அவர் திருநின்றவூரில் ஒரு மனை பார்த்து வைத்திருந்தார். முன்பணம் ஐயாயிரம், அந்த ஞாயிற்றுக்குள் கட்ட வேண்டும். கல்யாணம் ஆனதிலிருந்து வாடகை வீடு. கடிகாரம் விற்றால் மனை. கணக்கு அவ்வளவுதான்.

சென்ட்ரலில் எட்டரை மணி மின்சார ரயில். ஆவடிக்கு மூன்று ரூபாய், ஏறக்குறைய ஐம்பது நிமிடம். ஞாயிறு என்பதால் ஜன்னல் இருக்கை கிடைத்தது. பட்டரவாக்கம் தாண்டும்போது பட்டறை வாசல்களில் வாடிய வாழைக்கன்றுகள். கதவு, கிரில், தள்ளுவண்டி எல்லாவற்றிலும் புதுப் பச்சை. பூஜைக்கு அடித்த பெயிண்ட். அதைப் பார்த்தும் எனக்கு எதுவும் தோன்றவில்லை.

தனசேகரின் வீடு ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடை. அவர் மனைவி அமுதா காபி கொடுத்தார். தனசேகர் எவர்சில்வர் தட்டில் கடிகாரத்தை எடுத்து வந்தார். கண்ணாடியில் குங்குமப் பொட்டு. டயல் பால்வெள்ளை. எண்கள் தங்க நிறம்.

"பூஜைக்கு மெஷினுக்கெல்லாம் பெயிண்ட் அடிச்சோம் சார். இதுவும் மெஷின்தானே? பூந்தமல்லில குட்த்து அடிச்சிகினு வந்தேன். இன்னா, புதுசு மாதிரி கீதா?"

விளக்கிச் சொன்னேன். முதலில் சிரித்தார்.

"அழுக்குக்கா சார் ஏழாயிரம்? அப்டின்னா எங்க தெரு கோடி ரூபா போவும்."

அமுதா சிரிக்கவில்லை. அப்பா கட்டியிருந்தபடியே கொடு என்று அப்போதே சொன்னதாகவும், பூஜை சமயத்தில் இந்த மனுஷன் கையில் பிரஷ் இருந்தால் தன்னையே பச்சையடித்துவிடுவார் என்றும் சொன்னார்.

பழைய டயலை மீட்க முடியுமா என்று கேட்கப் பூந்தமல்லிக்கு பஸ் ஏறினோம். ஒன்பது கிலோமீட்டர் இருக்கும். டயல் பெயிண்ட் அடிக்கும் கடை பஸ் நிலையத்துக்குப் பின்னால். பழைய வண்ணத்தை அன்றைக்கே கழுவிவிட்டதாகக் கடைக்காரர் சொன்னார். "கறைய எவன் சார் எட்த்து வெப்பான்?" அவர் கேட்டது நியாயம்தான்.

மறுபடி ஆவடி. அங்கிருந்து ரயிலில் திருநின்றவூர், கால் மணி நேரம். மனைக்காரர்களிடம் இரண்டு வாரம் தவணை கேட்கப் போனார் தனசேகர். அமுதாவும் வந்தார். எனக்குத் திரும்பிப் போக மனமில்லை, கூடவே போனேன்.

ஊர் ஏரியை ஒட்டித் திறந்தவெளி. ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, கலர் சோடா. வரிசையாக எல்லைக்கற்கள், வெள்ளையடித்து, தலையில் மஞ்சள் பூசியிருந்தது. மனை காட்டும் ஆள் தவணை கிடையாது என்றார். மழை வருவதற்குள் எல்லாம் விற்றுவிடும் என்றார்.

"பாரு அண்ணாத்தே, எப்டி கீதுன்னு. கல்லுக்கெல்லாம் நேத்துதான் பெயிண்ட் அடிச்சோம்."

தனசேகர் அந்தப் புது வெள்ளையைப் பார்த்தார். பிறகு தன் மனையின் கல் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, வீட்டுச் சாவியால் வெள்ளையைச் சுரண்டினார். உள்ளே பழைய கல். அதில் ஒரு பழுப்புக் கோடு. சேறு காய்ந்த நிறம். பக்கத்துக் கல்லுக்குப் போனார், அதையும் சுரண்டினார். அதே உயரத்தில் அதே கோடு.

"போன வருசத்துக் கல்லா இது?" என்று கேட்டார். அந்த ஆள் சோடா எடுத்துவரப் போனார்.

அமுதா கல்லை ஒட்டி நின்று பார்த்தார். கோடு அவர் முழங்காலுக்கு மேலே இருந்தது. "ஊட்டுக்குள்ளயே மீன் புட்ச்சிக்கலாம்," என்றார்.

முன்பணம் கட்டவில்லை. பிளாட்பாரத்தில் கடிகாரத்துக்கு எண்ணூறு தருகிறேன் என்றேன். ஏலத்தில் அதற்குமேல் போகாது. தனசேகர் சாவி கொடுத்து, காதில் வைத்துக் கேட்டு, கையில் கட்டிக்கொண்டார். அதுவரை சார் என்றவர் அப்போதுதான் தம்பி என்றார்.

"வேணாம் தம்பி. கட்டிகினு இருக்கேன். பழுத்தப்புறம் வா."

போகவில்லை. இப்போது பழுத்திருக்கலாம்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஞாயிறு காலை ரயிலில் போங்கள். கடிகாரத்தைப் பார்த்த அன்றே, துடைக்கக்கூட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள்; பூஜைக்கு முன்னால் என்றால் இரண்டு முறை சொல்லுங்கள். டயல் வெள்ளையாக இருந்தால் பூதக்கண்ணாடியில் எழுத்து விளிம்பைப் பாருங்கள். கையால் அடித்தது கொஞ்சம் தடித்திருக்கும்.

அப்படியே மனையும் பார்க்கும் எண்ணம் இருந்தால் பூதக்கண்ணாடி போதாது. சாவி கொண்டுபோங்கள்.