நாலு கையெழுத்தும் வேண்டும் என்ற விதி

பேரின்பநாதன் யாழ்ப்பாணத்தில் சரித்திரம் படிப்பித்தவர். இப்போது கனடாவின் மொன்றியல் நகரில், கோட்-டெ-நெய்ஜ் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நோயாளிகளைக் கட்டிலோடு தள்ளிப்போகிற வேலை. அந்த நகரத்துத் தமிழரின் நாலு ஊர்ச்சங்கங்களும் ஒன்றியமாகச் சேர்ந்தபோது, அதன் யாப்பை, அதாவது விதிகளை, எழுதும் பொறுப்பு அவரிடம் வந்தது.

மேலிருந்து ஆளுகிற எவரையும் நம்பாத மனிதர் அவர். சுதந்திரம் பெற்ற புதிதில் அமெரிக்காவின் பதின்மூன்று மாநிலங்கள் செய்துகொண்ட முதல் உடன்படிக்கையில் அவருக்கு ஒரு மயக்கம். அரசனும் இல்லை, ஜனாதிபதியும் இல்லை. பெரிய மாநிலத்துக்கும் சின்னதுக்கும் ஒரே வாக்கு. அதை மாற்றப் பதின்மூன்றும் சம்மதிக்க வேண்டும். பேரின்பநாதன் இன்னும் இறுக்கினார். ஒன்றியத்தின் பெயரில் ஒரு கடிதம் போவதானாலும் நாலு தலைவர்களும் கையெழுத்திட வேண்டும் என்று எழுதினார். அவரும் ஒரு தலைவர்.

போன மாசியில் றெக்ஸுக்கு நாடுகடத்தல் கட்டளை வந்தது. உணவகத்தில் கோப்பை கழுவும் பெடியன். வியாழனுக்குள் ஒன்றியத்தின் ஆதரவுக் கடிதம் வேண்டும் என்றார் அவனுடைய சட்டத்தரணி. இன்னொரு சங்கத்தலைவர் நீக்கிலாப்பிள்ளை மூன்று கையெழுத்தோடு பேரின்பநாதனின் வீட்டுக்கு வந்தார். கடிதத்தில் தன் சங்கத்தின் பெயரை முதலில் போட்டிருந்தார்.

"என்னட்டைக் கேளாமல் எழுதிப்போட்டு இப்ப வாறியளோ?"

"அண்ணை, பேந்து சண்டை பிடிப்பம். இப்ப போடுங்கோ."

"ஞாயிறு கூட்டத்திலை கதைச்சிட்டுப் போடுறன்."

கடிதம் போகவில்லை. அடுத்த கிழமை றெக்ஸை விமானத்தில் ஏற்றினார்கள். கடிதம் இருந்திருந்தால் தப்பியிருப்பானா என்று சட்டத்தரணிக்கும் சொல்லத் தெரியவில்லை. அதுதான் பேரின்பநாதனை அரித்தது.

ரோட் ஐலண்ட் என்ற சின்ன மாநிலம் வேண்டாமென்றதால் நாடு முழுவதற்குமான இறக்குமதி வரித் திட்டமே கவிழ்ந்ததை வகுப்பில் சிரித்துக்கொண்டே படிப்பித்தவர் அவர். அந்த இடத்தில் தானே போய் நிற்க நேரும் என்று நினைத்ததில்லை.

நீக்கிலாப்பிள்ளையிடம் போனார். "விதியை மாத்துவம். மூண்டு பேர் போதும்."

"மாத்திறதுக்கும் நாலு பேர் வேணுமெண்டு நீங்கள்தானே எழுதினியள்? வின்சன்ட் ஒத்துக்கொள்ளான்."

மற்ற இரு தலைவர்களில் ஒருவரான வின்சன்ட் ஒத்துக்கொள்ளவில்லைதான். அமெரிக்கர் பழைய உடன்படிக்கையை ஒதுக்கி, ஒன்பது மாநிலம் போதுமென்று புது யாப்புக் கொண்டுவந்ததுபோல், மூன்று சங்கங்கள் விலகிப் புது ஒன்றியம் தொடங்கின. யாப்பை நீக்கிலாப்பிள்ளை எழுதினார். பேரின்பநாதன் பதவி எதுவும் ஏற்கவில்லை.

வைகாசியில் றெக்ஸ் கொழும்பிலிருந்து அழைத்தான்.

"மாஸ்டர், எல்லாரும் எனக்காக ஓடித் திரிஞ்சனீங்களாம். மறக்கமாட்டன்."

"ஓம் தம்பி," என்றார் பேரின்பநாதன்.