காப்பார்த் தகட்டின் மறுபுறம்

“நான் சொல்லல டாக்டர், என் நாத்தனார் சொன்னா. நீங்க லோகேஸ்வரி வீட்டு யந்திரத் தகட்டச் சிங்கப்பூர்ல விக்கப் போறீங்களாம். காப்பார் முழுக்க இதே பேச்சாம்” என்றாள் பிரிக்பீல்ட்ஸ் பூக்கடை வீரம்மா.

ஜனகாவுக்குச் சிரிக்க வரவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பிப்பவள். ஒரு தொழில்நுட்பம் எந்த இனத்தாரின் கையிலிருந்து எந்த இனத்தாரின் கைக்குப் போனது என்று தேடுவதே அவள் வேலை. அந்தத் தேடல்தான் போன மாதம் அவளைக் கிள்ளானுக்கு அப்பாலுள்ள காப்பாருக்கு, லோகேஸ்வரியின் சாமி அறைக்குக் கொண்டுபோனது.

அங்கே பலகையில் அறைந்த ஒரு பித்தளைத் தகடு. கட்டம் கட்டமாகக் கோடுகள், வட்டங்கள், பெருக்கல் குறிகள். மேலெல்லாம் சந்தனம், குங்குமம். ரயில்வே பட்டறையில் வார்ப்பு வேலை பார்த்த கொள்ளுத்தாத்தா சபாபதிக்குச் சித்தர் ஒருவர் கொடுத்த யந்திரம் என்பது வீட்டார் நம்பிக்கை. ஜனகாவுக்குப் பார்த்தவுடனே விளங்கிவிட்டது. அவை பழைய சீன வணிகர்களின் எண்கள். உருக்கிய உலோகம் ஆறும்போது எவ்வளவு சுருங்கும், அச்சை எவ்வளவு பெரிதாகச் செய்ய வேண்டும் என்ற கணக்கு. சபாபதிக்கு அதைக் கற்றுக்கொடுத்த சீனரின் பெயர் எங்காவது இருந்தால் மறுபுறத்தில்தான் இருக்கும்.

அன்றே சொல்லியிருக்கலாம். கேசரித் தட்டோடு எதிரே நின்ற லோகேஸ்வரியிடம் சொல்ல மனம் வரவில்லை. “வடிவான தகடு, அக்கா” என்று படமெடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். பிறகு, பலகையைக் கழற்றலாமா என்று போனில் இரண்டு முறை கேட்டாள். அதற்குத்தான் இப்படிக் கைகால் முளைத்திருக்கிறது.

“இனி அந்தப் பயம் இல்ல லா” என்றாள் வீரம்மா. “இன்னிக்கு அவங்க கோயில்ல அம்மன் சிலைய பீடத்தோட ஒட்ட அஷ்டபந்தன மருந்து சாத்துறாங்க. தகட்ட அம்மனுக்கு அடியில வச்சு மூடிருவாங்க. அப்புறம் எவ வந்து தூக்குவா?” நாக்கைக் கடித்துக்கொண்டாள். “உங்கள சொல்லல டாக்டர்.”

“எத்தனை மணிக்கு?”

“பத்தரைக்காம்.”

மணி ஒன்பதே முக்கால். கிள்ளான் போகும் நெடுஞ்சாலையில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. ஜனகா காரிலிருந்தே லோகேஸ்வரியை அழைத்தாள்.

“வாங்க டாக்டர், கும்பிட்டுட்டுப் போங்க. தொட மட்டும் விட மாட்டோம்.” பின்னால் நாதஸ்வரம் ஒலித்தது.

“அக்கா, அது யந்திரம் இல்லை.”

“அப்ப என்ன?”

“வார்ப்புக் கணக்கு. ஒரு சீனர் உங்கட கொள்ளுத்தாத்தாவுக்குச் சொல்லிக் குடுத்தது. மூடினா அந்த மனுசன்ர பேர் ஒருத்தருக்கும் தெரியாமப் போயிடும்.”

நாதஸ்வரத்துக்கு மேலாக லோகேஸ்வரியின் குரல் உயர்ந்தது.

“எப்பலேர்ந்து தெரியும் உங்களுக்கு?”

“முதல் நாளே.”

“கேசரி சாப்பிட்டப்பவே.”

இணைப்பு அறுந்தது. முன்னாலிருந்த லோரி அசையவில்லை. பத்து மணி பன்னிரண்டு நிமிடம். ஜனகா மறுபடி அழைத்தாள். அழைப்பு மணி போய்க்கொண்டே இருந்தது; லோகேஸ்வரி எடுக்கவில்லை.