பத்து வோன் சேதி

தோங்யோங் சந்தையில் என் மீன்வடைக் கடைக்கு அடுத்த கடை மல்சூன் அக்காவுடையது. நெத்திலிக் கருவாடு விற்பாள். சந்தைக்கு ஆள் வரத்து குறைந்ததும் நான்தான் அவளுக்கு இணையக் கடை போட்டுக் கொடுத்தேன். கார்டுக்கு அனுமதி வரும்வரை அவளுடைய வங்கிக் கணக்கு எண்ணை இணையப் பக்கத்தின் அடியில் போட்டு வைத்தோம். வாங்குகிறவர்கள் அதற்குப் பணம் அனுப்பினார்கள்.

ஒரு மாதத்தில் அனுமதி வந்தது. இனி அந்த எண்ணை எடுத்துவிடலாம் என்றேன்.

"கார்டுல வந்தா அனுப்பினவங்க பேரு பாஸ்புக்குல விழுமா?"

"விழாதுக்கா. பணத்தைக் கார்டு கம்பெனி வாங்கி, நாலு நாள் கழிச்சு மொத்தமா அனுப்பும். அவங்க பேருதான் விழும்."

"அப்ப என் நம்பரும் இருக்கட்டும்."

"கமிஷன் போகுதேன்னு பாக்குறியா? நீ கல்லுல நார் உரிக்கிறவளாச்சே."

அவள் பாஸ்புக்கை எடுத்து என் முன்னால் வைத்தாள். நடுவில் ஒரு வரி, பத்து வோன், ஒரு மிட்டாய்கூட வராத காசு. அனுப்புகிறவர் தன் பெயருக்குப் பதில் எதை வேண்டுமானாலும் எழுதலாம்; அந்த இடத்தில் 'நல்லாயிருக்கேன்' என்று இருந்தது. இரண்டு வாரம் தள்ளி, அக்காவின் பிறந்தநாளன்று, இன்னொரு பத்து வோன்: 'பாசிசூப் குடிச்சியா'. பிறந்தநாளுக்குக் கடல்பாசி சூப் குடிப்பது எங்கள் வழக்கம்.

யோஜின். அக்காவின் ஒரே மகள். இணையக் கடையில் எண்ணைப் பார்த்துத்தான் அனுப்பியிருக்க வேண்டும். விவாகரத்தானவனைக் கட்டிக்கொள்கிறேன் என்று வந்து நின்றவளிடம், "உனக்கு அம்மா செத்துட்டான்னு நெனச்சுக்கோ" என்றவள் இந்த அக்காதான். மகள் போன் எண்ணை மாற்றிக்கொண்டு போய் ஆறு வருடம். அனுப்பியவரின் எண்ணைக் கொடுக்க முடியாது என்று வங்கியில் சொல்லிவிட்டார்கள். அக்காவால் வாங்கத்தான் முடியும், பதில் அனுப்ப வழியில்லை.

"எல்லாரும் பாக்குற மாதிரி நம்பர் கிடந்தா திருட்டுப் பசங்க கண்ணுல படும்க்கா. வேலியில போற ஓணானை எடுத்து மடியில கட்டிக்காத."

"பட்டா படட்டும், இன்சூ அம்மா."

நான் பக்கத்தைத் தொடாமல் விட்டேன். எண் இருந்தது. மே மாதத்தில் மூன்றாவது வரி விழுந்தது. 'பொண்ணு பொறந்தா'. அன்று அக்கா கடையை அடைத்துவிட்டு, சந்தை முழுக்க அரிசிப் பணியாரம் கொடுத்தாள். குழந்தையின் பெயர் அடுத்த வரியில் வரும் என்று காத்திருந்தாள்.

ஜூலையில் முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து மூன்று லட்சம் வோன் வந்து விழுந்தது. அது யாரையோ போனில் ஏமாற்றிப் பிடுங்கிய பணம். பறிகொடுத்தவர் புகார் கொடுக்க, மறுநாளே அக்காவின் கணக்கு முடங்கியது. சாயங்காலம், வேண்டுமென்றே அந்தப் பணத்தை அக்கா கணக்குக்குத் திருப்பிவிட்டவன் போனில் வந்தான்.

"இருபது லட்சம் குடு. புகாரை வாபஸ் வாங்க வெக்கிறேன்."

அக்கா வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு வைத்தாள். போலீசுக்கும் வங்கிக்கும் நடையாய் நடந்தோம். மூன்று மாதம் ஆகும் என்றார்கள்.

கார்டுப் பணமும் உள்ளே வராமல் வியாபாரம் படுத்ததை அவள் ஒருநாளும் சொல்லி அழவில்லை. ஆகஸ்டில் ஒருநாள் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

"குழந்தைக்கு இன்னிக்கு நூறாம் நாள் விசேஷம். ஏதாச்சும் அனுப்பியிருப்பாளோ?"

"கைக்குழந்தைய வெச்சுக்கிட்டு நேரம் இருக்காதுக்கா."

மனசு கேட்காமல், கடைக்குப் பின்னால் போய் என் போனிலிருந்து அந்தக் கணக்குக்குப் பத்து வோன் அனுப்பிப் பார்த்தேன். சிவப்பு எழுத்தில் வந்தது: 'மோசடிப் புகார் உள்ள கணக்கு. பணம் அனுப்ப இயலாது.' யோஜினும் அன்று அனுப்பியிருந்தால் இதைத்தான் படித்திருப்பாள். தன் அம்மாவின் பெயருக்குக் கீழே. அக்காவிடம் சொல்லவில்லை.

அக்டோபரில் கணக்கு திறந்தது. கார்டு வியாபாரம் இப்போது பரவாயில்லை. திங்கட்கிழமைதோறும் அக்கா வங்கி இயந்திரத்தில் பாஸ்புக்கை நுழைத்துப் பதிந்துகொண்டு வருகிறாள். பக்கம் முழுக்க அந்தக் கம்பெனியின் பெயர்தான். ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்துக் கடைசிவரை படிக்கிறாள்.

"நம்பர் இன்னும் இணையக் கடையில இருக்குல்ல?" என்று கேட்கிறாள்.

"இருக்குக்கா."

"அப்ப அவதான் அனுப்பல" என்று பாஸ்புக்கை மூடி வைக்கிறாள்.