இருக்கக் கூடாத கதிரை

ஒரு கதிரையில் யாரும் இருந்துவிடாமல் பார்த்துக்கொள்ள இந்த நாட்டில் சம்பளம் தருகிறார்கள். எனக்குத் தருகிறார்கள். மெல்பேர்னில் ஒரு கலைக்கூடத்தில் நான் செக்யூரிட்டி. கதிரைக்குக் காவல் நிற்கிற எனக்கும் இருக்க அனுமதி இல்லை, நாள் முழுக்க நின்றபடிதான். ஊரில் இருக்கிற தம்பிக்குப் போனில் சொன்னேன். "கதிரையை ஆர் களவெடுக்கப் போறான்?" என்றான். களவுக்கு இல்லை, ஆட்கள் இருந்துவிடுவார்கள் என்றுதான் காவல் என்றேன். "அண்ணைக்கு ஏதோ சுகமில்லைப் போல" என்று அவன் மனைவிக்குச் சொன்னது எனக்கும் கேட்டது.

கதிரையை வடிவமைத்தவர் பின்லாந்துக் கட்டடக் கலைஞர். செத்துக் கன காலம். அவருடைய தொழில் வாழ்க்கையை நாலு அறைகளில் வைத்திருக்கிறார்கள். முதல் அறையில் இளம் வயது. தூணும் சிற்பமும் படித்தவர், எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெறும் வெள்ளைச் சுவர் கட்டினார். முதல் கட்டடம் மாட்டுக் கொட்டில். இரண்டாவது அறையில் போர். எல்லைப் பக்கத்து ஊர்கள் பறிபோய், சனம் மூட்டைமுடிச்சோடு வந்தது. அவர்களுக்கு மர வீடு வரைந்தார், வீட்டுக்குள் போடக் கதிரை வரைந்தார். மூன்றாவதில் புகழ்: தேவாலயம், நூலகம். நாலாவதில் கிழவர். பெரிய நகர மண்டபம் ஒன்று வரைந்தார், ஒருவரும் கட்டவில்லை. காகித மட்டையில் செய்த சின்ன மாதிரி மட்டும் கிடக்கிறது. எனக்குத் தந்தது அந்தக் கதிரை நிற்கிற இரண்டாவது அறை. மற்றவர்கள் போரைக் கடந்து புகழுக்குப் போவார்கள். நான் போரிலேயே நிற்பேன்.

ட்ருகனினாவில் நான் வேலை செய்த குடோன் மூடிய பிறகு கிடைத்த வேலை இது. நிரந்தரம் இல்லை. யாராவது ஒருவர் கதிரையில் இருந்தாலும் அடுத்த கிழமை உனக்கு ஷிப்ட் இல்லை என்று சூப்பர்வைசர் கெவின் முதல் நாளே சொல்லிவிட்டார். இந்த வயதில் வேறு யார் வேலை தருவார்கள்?

ஒரு ஞாயிறு, பூசை முடிந்த கையோடு ஒரு அன்ரியை மகள் கூட்டிவந்தார். மகள் படங்களைப் பார்க்கப் போய்விட்டார். அன்ரி ஊன்றுகோலோடு என் முன்னால் நின்றார்.

"தம்பி, நீர் எந்த ஊர்?"

"மன்னார், அன்ரி."

"மன்னாரே! நாங்கள் பக்கத்தில பேசாலை."

ஊர்ச்சனம் வந்தால் வாயில் முதலில் என்ன வரும்? வந்துவிட்டது.

"இருங்கோ அன்ரி."

சொன்ன பிறகுதான் அங்கே இருந்தது எந்தக் கதிரை என்று நினைவு வந்தது. அன்ரி அதைச் சுற்றிப் பார்த்தார்.

"இது ஆருக்குச் செய்தது?"

"போரில இடம்பெயர்ந்து வந்த சனத்துக்கு."

"அப்ப எங்கட ஆக்களுக்குத்தான்" என்று இருந்துவிட்டார்.

அதைப் பார்த்த வெள்ளைக்காரர்கள், தாங்களும் இருக்கலாம் போல என்று வரிசையில் நின்றார்கள். கெவின் ஓடி வந்தார்.

"இருக்க வேண்டாம் என்று சொன்னாயா?"

"இல்லை. இருக்கச் சொன்னேன்."

"இருக்க வேண்டாம் என்றுதானே?"

"இருக்கச் சொன்னேன்."

என் ஆங்கிலம் பிழை என்று நினைத்து அவர் கையால் காட்டிக் கேட்டார். நானும் கையால் காட்டினேன்.

அதற்குள் கதிரைகளைப் பார்த்துக்கொள்ளப் பின்லாந்திலிருந்து கூடவே வந்த பெண் வெள்ளைக் கையுறையோடு வந்துவிட்டார். எப்படி இருக்கிறது என்று அன்ரியைக் கேட்டார். "முதுகு நோகுது. சாயவும் ஏலாது" என்றார் அன்ரி. மிகவும் சுகமாக இருக்கிறதாம் என்று, திரும்பி வந்த மகள் ஆங்கிலத்தில் சொன்னார். அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கியது. கலைஞர் ஆசைப்பட்டதும் இதுதான், பக்கத்தில் ஒரு புதுக் கதிரை போடுங்கள், சனம் இருக்கட்டும் என்றார். கெவினுக்கு என்னை வேலையால் நிறுத்த வழி இல்லாமல் போனது.

இப்போது ஒரே மாதிரி இரண்டு கதிரைகள். பழையதில் இருக்காதீர்கள் என்றும் புதியதில் இருங்கள் என்றும் சொல்வது என் வேலை. என் யூனிபோர்மைப் பார்த்துவிட்டு ஒருவரும் புதியதில் இருப்பதில்லை. தண்டம் அடிப்பீர்களா என்று ஒருவர் கேட்டார்.

போன ஞாயிறு அன்ரி திரும்பவும் வந்தார். நேரே பழைய கதிரைக்குப் போனார். புதியதைக் காட்டினேன். "அது கடையில வாங்கினது. இதுதானே எங்கட" என்று ஊன்றுகோலை அதில் சாய்த்தார். வாசலில் கெவின் பார்த்துக்கொண்டு நின்றார். வயசான மனிசியைப் பார்த்து இருக்காதேங்கோ என்று தமிழில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆங்கிலத்தில் சொன்னேன்.

"ப்ளீஸ் டோன்ட் சிட், அன்ரி."

அன்ரி என் முகத்தைப் பார்த்தார். "சொறி" என்று ஆங்கிலத்திலேயே சொல்லிவிட்டு ஊன்றுகோலை எடுத்தார். புதிய கதிரையிலும் இருக்கவில்லை. மகள் வரும்வரை இரண்டு கதிரைகளுக்கும் நடுவில், என் பக்கத்தில் நின்றார்.