மாலை போட்ட கட்-அவுட்

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது அப்பா டவுன் கவுன்சில் தேர்தலில் நின்றார். அமெரிக்காவில், நியூஜெர்சியின் பிஸ்கட்டவேயில் எங்களுக்கு மளிகைக் கடை. யார் வீட்டில் பொன்னி, யார் வீட்டில் சோனா மசூரி, யாருக்குச் சர்க்கரை வந்து அரிசியே நின்றுபோனது என்பதெல்லாம் அப்பாவுக்கு மனப்பாடம். சிரிக்க மட்டும் வராது. சாமான் பையை நீட்டும்போதுகூட ஏதோ யோசனையில் இருப்பார். எனக்கு அந்த முகம்தான் பிடிக்கும்.

அவர் பிறந்த ஊரில் கட்-அவுட் இல்லாமல் தேர்தல் உண்டா? ஆளுயர அட்டையில் தன்னையே அச்சடித்துக் கொண்டுவந்து கல்லாவுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டார். கோட்டு, கூப்பிய கைகள், பல்வரிசை முழுவதும் தெரிகிற சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் படம் எடுத்தவர் எப்படித்தான் வரவழைத்தாரோ!

"நான் கேன்வாஸ் பண்ணப் போனாலும் கடையில இருக்கிற மாதிரியே இருக்கும்" என்றார் அம்மாவிடம்.

கொஞ்ச நாளில் அப்படியே ஆகிவிட்டது. அப்பா வீடு வீடாகக் கதவு தட்டப் போய்விடுவார். கல்லாவில் இருந்த அம்மா அட்டையிடம் பேச ஆரம்பித்தாள், முதலில் கிண்டலாகத்தான். "புளி தீர்ந்துபோச்சு, ஆர்டர் போடட்டுமா?" போகப்போகக் கிண்டல் குறைந்தது. கேட்டுவிட்டு அதன் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். பிறகு பதில் கிடைத்தவள் போலத் தலையை ஆட்டிவிட்டுப் போனை எடுப்பாள்.

எனக்கு அட்டையைப் பார்க்கவே பயமாக இருந்தது. பள்ளி விட்டு வந்ததும் பருப்பு அலமாரிக்குக் கீழே உட்கார்ந்துதான் ஹோம்வொர்க் செய்வேன். வாசலைப் பார்த்து நின்ற அட்டை ஒருநாள் என்னைப் பார்த்து நின்றது. தரை துடைக்கும்போது நகர்ந்திருக்கும் என்றாள் அம்மா. அன்று யாரும் தரை துடைக்கவில்லை.

அட்டையை அடக்க எனக்கு ஒரு வழி தெரிந்திருந்தது. எங்கள் வீட்டு ஹாலில் அம்மாவின் அப்பா படமாக இருந்தார். சந்தன மாலை, நெற்றியில் குங்குமம், கீழே குட்டியாகச் சிவப்பு பல்பு. அவர் என்னை ஒருநாளும் பயமுறுத்தியதில்லை. மாலை போட்டுவிட்டால் படத்தில் இருப்பவர்கள் வெளியே வரமாட்டார்கள் என்று நானாகவே முடிவு கட்டியிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அம்மா பின்பக்கம் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தாள். நான் ஸ்டூலில் ஏறினேன். பூஜைச் சாமான் வரிசையிலிருந்த சந்தன மாலையை எடுத்து அட்டையின் கழுத்தில் போட்டேன். குங்குமம் வைத்தேன். காலடியில் பேட்டரி விளக்கையும் ஏற்றினேன். சிரிப்பு கொஞ்சம் அடங்கியது போலத்தான் இருந்தது.

வாடிக்கையாக வருகிற ஆன்ட்டி ஒருவர் உள்ளே வந்தார். கையிலிருந்த கூடை நழுவியது.

"ஐயோ, எப்போ ஆச்சு?"

மாலை போட்டதைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, "ஜஸ்ட் நௌ, ஆன்ட்டி" என்றேன்.

அவ்வளவுதான். வாட்ஸ்அப்பில் செய்தி பறந்தது. அரை மணி நேரத்துக்குள் பார்க்கிங் முழுக்கக் கார்கள். அம்மா கையில் முருங்கைக்காய்க் கட்டோடு வந்தாள். ஆன்ட்டி அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். "உனக்கு இன்னும் யாரும் சொல்லலியாம்மா?" அம்மா மாலையைப் பார்த்தாள். அப்பாவுக்குப் போன் போட்டாள், மறுபடி போட்டாள். அது அணைந்திருந்தது. நான் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். நான்தான் செய்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அடி விழும் என்ற பயத்தில் வாயே திறக்கவில்லை. அம்மா அழவில்லை. அட்டைக்கு எதிரே போய் நின்று, "சொல்லுங்க" என்றாள். "என்ன ஆச்சுன்னு சொல்லுங்க."

கடையில் இருந்த எல்லோரும் அட்டையையே பார்த்தார்கள். அது பேசிவிடுமோ என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

கதவு மணி அடித்தது. கையில் நோட்டீஸ் கட்டோடு அப்பா நின்றார்.

அம்மா அவரைப் பார்த்தாள், அட்டையைப் பார்த்தாள், மறுபடி அவரைப் பார்த்தாள். அப்பா கடை நிறைய நின்ற கூட்டத்தைப் பார்த்தார். அத்தனையும் ஓட்டு. நோட்டீஸ்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கைகளைக் கூப்பினார். சிரித்தார். பல்வரிசை முழுவதும் தெரிந்தது. ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி நலம் விசாரித்துக்கொண்டே உள்ளே வந்தார். அம்மாவிடம் வந்து சேர்ந்தபோதும் அதே சிரிப்பு அப்படியே இருந்தது.

அப்போதுதான் அம்மா அழத் தொடங்கினாள். மூட்டைச் சந்து வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாதான் திரும்பி வந்துவிட்டாரே, இன்னும் எதற்கு அழுகிறாள் என்று எனக்கு அன்று புரியவில்லை.