கல்பனாவின் புதிய படம்: திருவண்ணாமலையில் இரண்டு நாள்

ஆறு வருடமாக இந்த வலைப்பூவில் பயணம் பற்றி எழுதுகிறேன். பதிவுக்குப் பத்துப் பன்னிரண்டு படம் போடுவேன். அந்தப் படங்களைப் பற்றி முதல் தடவையாகக் குறை சொன்னவள் கல்பனா. கல்லூரி விடுதியில் என் அறைத்தோழி, பிறகு வங்கி அதிகாரி. மூன்று வருடத்துக்கு முன்னால் கண் நரம்பு பாதித்து அவளுக்குப் பார்வை முழுவதும் போய்விட்டது. இப்போது எல்லாவற்றையும் போன்தான் அவளுக்குப் படித்துச் சொல்கிறது.

கார்த்திகை முடிகிற சமயத்தில் ஒரு நாள் கூப்பிட்டாள். "உமா, நீ எழுதுறதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா நடுநடுவுல என் போன் 'படம், படம், படம்'னு சொல்லிட்டு அடுத்த பத்திக்குப் போயிடுது. அங்க என்னதான்டி வெச்சிருக்க?"

அடுத்து திருவண்ணாமலை போவதாக இருக்கிறேன், நீயும் வா, எல்லாப் படத்துக்கும் உன் போன் படித்துச் சொல்கிற மாதிரி விவரம் எழுதலாம் என்றேன். பார்வை போன பிறகு ஆஸ்பத்திரி தவிர அவள் எங்கும் போனதில்லை. ஆனாலும், "வர்றேன். எனக்கும் ஒரு போட்டோ வேணும். வாட்ஸப்புல இன்னும் பழைய படம்தான் இருக்கு. அது வேற யாரோ மாதிரி ஆயிடுச்சு" என்றாள்.

மார்கழியில், பௌர்ணமி இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமையாகப் பார்த்துக் கிளம்பினோம். சென்னை கிளாம்பாக்கத்தில் காலை எட்டரைக்குப் பேருந்து. டிக்கெட் ஆளுக்கு இருநூறுக்குள் அடங்கியது. செஞ்சி வழியாக நான்கரை மணி நேரம். செங்கம் ரோட்டில், ரமணாசிரமம் தாண்டி உள்ளே தள்ளி ஒரு மாடி அறை, ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு. வெந்நீர் காலையில் மட்டும்தான் வரும், கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தெருவில் வெளிநாட்டுக்காரர்கள் சைக்கிளில் போவதும் வருவதுமாக இருப்பார்கள். கல்பனா மணி ஓசையை வைத்தே இது வாடகை சைக்கிள், இது பால்காரர் சைக்கிள் என்று பிரித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் விடிகாலை ஐந்தரைக்குக் கிரிவலம். மொத்தம் பதினான்கு கிலோமீட்டர். எங்கே ஆரம்பித்தாலும் சுற்று ஒன்றுதான் என்பதால் அறை வாசலிலிருந்தே நடந்தோம். அவள் ஒரு கையில் கோல், இன்னொரு கை என் முழங்கையில். செருப்பு வேண்டாம் என்றாள். "வெறுங்கால்ல நடந்தா ரோடு எங்க முடியுது, நடைபாதை எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியும்." நான் வழியெல்லாம் படம் எடுத்தேன். ஒவ்வொன்றுக்கும், "இப்ப என்ன எடுத்த?" என்று கேட்டாள். குரங்கு, சாமியார், குரங்கைப் பார்க்கும் சாமியார் என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

அடி அண்ணாமலை வந்தபோது எட்டு மணி. சாலையோரத்தில் ஒரு டீக்கடை. நடத்துகிறவர் செல்வி, நாற்பது வயதிருக்கும். கல்பனாவைப் பார்த்ததும் பெஞ்சைத் துடைத்துவிட்டு, "இப்டி வந்து குந்துங்கக்கா, நேரா நாலு அடி" என்றார். கல்பனா நாலடி வைத்து, சரியாகப் போய் உட்கார்ந்தாள். அவளுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. பெரும்பாலானவர்கள் தோளைப் பிடித்துத் தள்ளித்தான் உட்கார வைப்பார்களாம்.

அந்தக் கிராமம் மலைக்கு மேற்கே இருப்பதால் அங்கே வெயில் தாமதமாகத்தான் வரும். அப்போதுதான் மலைச்சரிவுக்கு மேல் சூரியன் ஏறிக்கொண்டிருந்தது. கல்பனா கன்னத்தில் சூடு பட்டதும் முகத்தைத் திருப்பி, "மலை இந்தப் பக்கமா?" என்றாள்.

"ஆமாக்கா, அதத்தான் பாத்துனு இருக்கீங்க" என்று சொல்லி செல்வி டீயை நீட்டினார். "ஜாஸ்தி சூடு. ஊதி ஊதிக் குடிங்க, மலை எங்கியும் போயிடாது."

கல்பனா வாய்விட்டுச் சிரித்தாள். அதைப் படம் எடுத்துவிட்டேன். மூன்று வருடத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

பத்தரைக்குச் சுற்றை முடித்து அறைக்கு வந்தோம். சாப்பிட்டுவிட்டு மடிக்கணினியைத் திறந்தேன். இணையத்தில் போடும் முன் படங்களை என்ன செய்கிறேன் என்று பல பேர் கேட்டிருக்கிறீர்கள், அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதல் வேலை கழிப்பது. இருநூற்றுச் சொச்சம் படத்தில் பன்னிரண்டுதான் தேறும். ஒரே காட்சியை நாலு தடவை எடுத்திருந்தால் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை மறந்துவிட வேண்டும். பிறகு சாய்ந்திருப்பதை நேராக்குவது, ஓரத்தில் வரும் குப்பைத்தொட்டியை வெட்டுவது, வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றுவது. கடைசியாக அளவைக் குறைப்பது. அகலம் ஆயிரத்து அறுநூறு பிக்சல் போதும், கிராமத்து சிக்னலிலும் சட்டென்று திறக்கும். எடுத்த இடம் எது என்று போன் படத்துக்குள்ளேயே எழுதி வைத்துவிடும், அதை நீக்கிவிடுங்கள். நீங்கள் தங்கும் அறையின் வாசலை ஊருக்கே காட்ட வேண்டியதில்லை.

விவரம் எழுதுவதில் கல்பனா எனக்கு வாத்தியார் ஆகவில்லை, ஆனால் நிறைய சண்டை போட்டாள். கோபுரப் படத்துக்கு, 'கம்பீரமான ராஜகோபுரம்' என்று எழுதினேன்.

"கம்பீரம் இருக்கட்டும். எங்க நின்னு எடுத்த?"

"எதிர்த் தெருவிலிருந்து. முன்னாடி பூக்கடை."

"அதைச் சொல்லு. பூக்கடையைத் தாண்டிக் கோபுரம்னா எனக்கு வாசனையோட தெரியும்."

இப்படியே ஒன்பது படம் முடித்தோம். பத்தாவது அவள் படம். பெரிதாக்கினேன். சிரிப்பு, வெயில், டம்ளரை நீட்டும் செல்வி, எல்லாம் அருமையாக வந்திருந்தன. ஆனால் அவளுடைய இடது கண் விலகி, காதுப்பக்கம் போயிருந்தது. பேருந்து நிலையத்தில் பார்த்தபோதே கவனித்ததுதான். பார்வை போன கண் சில பேருக்கு அப்படி மெல்ல விலகுமாம். அவளுக்கு அது தெரியுமா என்று எனக்குத் தெரியவில்லை. படத்தைப் பெரிதாக்குவதும் சிறிதாக்குவதுமாக இருந்தேன்.

"என்ன, வாயை மூடிட்ட? அசிங்கமா இருக்கேனா?"

"இல்லடி. ரொம்ப நல்லா இருக்கு."

"உமா, எனக்குப் பார்க்கத்தான் முடியாது. உன் குரல் மாறினா தெரியும். பொய் சொல்லாம சொல்லு."

சொன்னேன். சிரிப்பைப் பற்றி முதலில் சொன்னேன், பிறகு கண்ணைப் பற்றி. அவள் இடது கையை எடுத்துக் கண்மேல் வைத்துக்கொண்டாள். மூடிய இமைக்கு மேலே விரலை மெதுவாக நகர்த்திப் பார்த்தாள்.

"எத்தனை நாளா?"

"தெரியலடி. நான் உன்னை நேர்ல பார்த்தே ஒரு வருஷமாச்சு."

"கவிதா தினமும் பார்க்கிறா." கவிதா அவளுடைய மகள், ஒரே வீட்டில்தான் இருக்கிறாள். "எனக்குத் தலை வாரி விடுறா, பொட்டு சரியா இருக்கான்னு பார்த்து வைக்கிறா. இதை மட்டும் சொல்லலை."

பக்கத்தில் போய் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவளே கேட்டாள், "அதை நேராக்க முடியுமா? படத்துலதான் கேக்கறேன்."

முடியும். இப்போது போனில் இருக்கும் செயலியே செய்துவிடும். செய்தேன். இரண்டு கண்ணும் நேராகப் பார்த்தன. படம் இரண்டையும் தனித்தனியாகச் சேமித்துவிட்டு, எது வேண்டும் என்று கேட்டேன்.

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதானே" என்றாள். பிறகு, "நாளைக்குச் சொல்றேன்" என்றாள்.

சாயங்காலம் பெரிய கோயிலுக்குப் போனோம். உள்ளே படம் எடுக்கக்கூடாது, நானும் எடுக்கவில்லை. சந்நிதியில் அவள் வெகுநேரம் நின்றாள். தீபாராதனையின் சூட்டுக்கு நேராக இரண்டு கையையும் நீட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். என்ன வேண்டிக்கொண்டாள் என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் எழுந்ததும், "அந்த டீக்கடைக்குப் போகணும்" என்றாள். "நீ எனக்காக மனசு இளகிச் சொல்லுவ. அந்தம்மாவுக்கு அந்தக் கவலை இல்ல." ஆட்டோ நூற்றைம்பது ரூபாய். டிரைவர், "நேத்துதான் சுத்தினு வந்தீங்கனு சொல்றீங்க, திரும்பவும் ஆட்டோல போறீங்களே, கால் வலியா?" என்று கேட்டார். "டீ குடிக்கப் போறோம்" என்றாள் கல்பனா. அவர் பாதி வழி வரை சிரித்துக்கொண்டே வந்தார்.

செல்வியிடம் போனைக் கொடுத்து இரண்டு படத்தையும் காட்டினேன். அவர் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"இது நீங்க. இது உங்க தங்கச்சி கணக்கா கீறாங்க."

"கண்ணு எப்படி இருக்கு?" கல்பனா நேராகவே கேட்டுவிட்டாள்.

"ஒண்ணு அப்டிக்கா போவுது. நேத்தே பாத்தேன். அதுக்கு இன்னாக்கா, நீங்க சிரிச்ச சிரிப்புல என் வீட்டுக்காரரு உள்ளேர்ந்து எட்டிப் பாத்தாரு." கொஞ்சம் தயங்கிவிட்டு, "என் மூஞ்சியும் இதுல கீதே. அத போடாதீங்க, வூட்ல பேசுவாங்க. கை மட்டும் இருந்தா பரவால்ல" என்றார்.

அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்து செல்வியின் முகத்தை வெட்டினேன். டம்ளரும் வளையல் போட்ட கையும் மட்டும் மிஞ்சின. காட்டியபோது தலையாட்டினார். கல்பனா டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் பேசினாள்.

"தெருவுல என்னைப் பார்க்கிறவங்க எல்லாரும் இதைத்தான் பார்க்கிறாங்க. போட்டோவுல மட்டும் எதுக்கு வேற ஆளு? மாத்தாததைப் போடு. விவரம் நான் சொல்றேன், எழுது."

அவள் சொன்னது இது: 'அடி அண்ணாமலையில் ஒரு டீக்கடை. பெஞ்சில் உட்கார்ந்திருப்பது கல்பனா, வயது நாற்பத்தெட்டு, பச்சைச் சுடிதார். முகத்தில் காலை வெயில். இடது கண் வெளிப்பக்கம் விலகியிருக்கிறது. வலப்பக்கத்திலிருந்து ஒரு கை சூடான டீயை நீட்டுகிறது. எதிரில் இருக்கும் மலை படத்தில் வரவில்லை. அவள் அதைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள்.'

வாட்ஸப் படத்தையும் மாற்றிக் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் கவிதாவின் அழைப்பு. ஒலிபெருக்கியில் இருந்ததால் எனக்கும் கேட்டது.

"அம்மா, அந்தப் போட்டோவை யாரு போட்டது?"

"நான்தான் போடச் சொன்னேன்."

"அதுல உன் கண்ணு..."

"தெரியும்டி. உமா சொல்லிட்டா."

அந்தப் பக்கம் அழுகைதான் வந்தது. "எப்படிச் சொல்றதுன்னு தெரியலம்மா. ஒவ்வொரு தடவை தலை வாரும்போதும் சொல்லணும்னு நினைப்பேன்."

"சரி விடு. இத்தனை நாளா நீ தனியாத் தூக்கிட்டு இருந்திருக்க. இனிமே ரெண்டு பேரா தூக்கலாம். அழாம, போட்டோ எப்படி இருக்குன்னு சொல்லு."

"சூப்பரா இருக்கும்மா" என்றாள் கவிதா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

மதியம் இரண்டு மணிப் பேருந்தில் கிளம்பி இரவு எட்டுக்குள் வீடு வந்தோம்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. கூட்டம் வேண்டாமென்றால் பௌர்ணமியையும் வார இறுதியையும் தவிருங்கள். வெறுங்காலோடு நடப்பதென்றால் பத்து மணிக்குள் முடித்துவிடுங்கள், பிறகு தார் சுடும். பார்வையில்லாத ஒருவரோடு போனால் அவரைப் பிடிக்காதீர்கள், உங்கள் முழங்கையை அவர் பிடிக்கட்டும். யாருடைய முகத்தையும் கேட்காமல் இணையத்தில் ஏற்றாதீர்கள். கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள், வேண்டாம் என்பவர்களுக்கு ஏதோ காரணம் இருக்கும். படத்துக்கு இரண்டு வரி விவரம் எழுதுங்கள். நான் பழைய பதிவுகளுக்கும் எழுத ஆரம்பித்திருக்கிறேன், நாற்பது பதிவு பாக்கி.

இந்தப் பதிவின் படங்களுக்கு விவரம் எழுதும்போது எனக்குப் புரிந்தது, படம் எடுக்கும்போது நான் பார்ப்பது பாதிதான். இன்னொருவருக்குச் சொல்ல வேண்டும் என்று வரும்போதுதான் மீதியைப் பார்க்கிறேன்.

ஊர் திரும்பிய பிறகு கவிதா தன் அம்மாவைக் கண் மருத்துவரிடம் கூட்டிப் போனாள். சின்ன அறுவை சிகிச்சையில் கண்ணை நேராக்கலாமாம், பார்வை வராது. யோசிக்கிறேன் என்கிறாள் கல்பனா. நேற்று அவளே எடுத்த ஒரு படத்தை எனக்கு அனுப்பி, அதில் என்ன தெரிகிறது என்று கேட்டாள்.

"முக்கால்வாசி உன் விரல்தான் இருக்கு. மேல் மூலையில கவிதா, தோசைக்கரண்டியோட. உன்னைப் பார்த்துச் சிரிக்கிறா" என்றேன்.

"அப்போ அந்த மூலையை மட்டும் வெட்டி அனுப்புடி" என்றாள்.