கோழி தின்ற காணிக்கை

கொழுத்த கோழி ஒன்று நிமிர்ந்து நடந்து போவதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. நீங்கள் சிரிப்பீர்கள். கோழி என்ன செய்யும், போட்டதைத் தின்கிறது என்பீர்கள். அது எனக்கும் தெரியும். கோபம் கோழியின் மேல் இல்லை, போட்ட கையின் மேல். அந்தக் கை மண்ணுக்குள் போய் எத்தனையோ வருஷமாகிவிட்டது. கோபம் மட்டும் என்னிடமே கிடக்கிறது. அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில், சிற்றாற்றங்கரையில் எங்கள் ஊர். வேதக்காரர் என்று ஊரார் சொல்லும் கிறிஸ்தவர் வீடுகள் எல்லாம் ஒரே தெருவாக இருந்தன. தெருமுனையில் ஓடு போட்ட சின்னக் கோயில். எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. உலையில் அரிசி போடுவதற்கு முன்னால், வீட்டுக்காரி அதிலிருந்து ஒரு பிடி அள்ளித் தனிப் பானையில் போடுவாள். அது ஆண்டவருக்கு. கைப்பிடி அரிசி என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை அதை ஓலைக்கொட்டானில் எடுத்துப்போய்க் கோயில் பெட்டியில் கொட்டுவார்கள். ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் வைத்து ஏலம் போடுவார்கள். வருகிற காசு கோயில் காரியத்துக்கு.

ஏலம் என்று பேர்தானே தவிர, கேட்கிறவர் ஒருவர்தான். அவர் எங்கள் சபைப் பெரியவர். வயலும் வண்டிகளும் உள்ளவர். தெருவில் பாதிப்பேர் அவருக்கு வேலை செய்து பிழைத்தார்கள். என் அப்பாவும் அவருடைய வண்டியைத்தான் ஓட்டினார். பல வீட்டு அரிசி ஒன்றாய்க் கலந்தால் சோறாக்க வராது. புழுங்கல் வேகுமுன்னே பச்சரிசி குழைந்துவிடும். அரிசி இல்லாத வீட்டுக்காரி ஒரு பிடி சோளத்தையோ சாமையையோ போட்டிருப்பாள், அதுவும் அதற்குள் கிடக்கும். “நான் எடுக்கலேன்னா இத எவன் எடுப்பான்? கோயில் காரியம் நடக்கணும்லா” என்று பெரியவர் ஒரு விலை சொல்வார். மறுவிலை சொல்ல ஆள் இருக்காது. அவரைத் தருமவான் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

அது சண்டைக்காலம். பர்மா ஜப்பான்காரன் கைக்குப் போனதோடு ரங்கூன் அரிசியும் நின்றுபோயிற்று. கட்டுப்பாட்டுக் கடை வாசலில் விடியுமுன்னே கூட்டம் நின்றது. அப்பா வண்டியை ஓட்டிக்கொண்டு புளியறை தாண்டி மலையாளத்துப் பக்கம் போனால் திரும்பி வர நாளாகும். வரும்போது மரவள்ளிக்கிழங்கு கொண்டுவருவார். நானும் அக்காவும் அதைத் தின்று வளர்ந்தோம். தம்பிக்கு அது ஆகவில்லை. அவனுக்கு நடை வந்த புதிதில் காய்ச்சல் கண்டு, தேறியும் தேறாமலும் கிடந்தான். வைத்தியர் வந்து பார்த்துவிட்டு, கிழங்கு கொடுத்தால் பிள்ளை தங்காது, அரிசிக்கஞ்சிதான் கொடுக்க வேண்டும் என்று சொல்லிப் போய்விட்டார். எங்கிருந்து கொடுப்பது என்று அவர் சொல்லவில்லை.

அம்மா வீடு வீடாகப் போய் நெல் குத்தினாள். கூலியாகக் கொஞ்சம் நொய் கிடைக்கும். அந்த நொய்யைக் கஞ்சி வைக்குமுன் அதிலும் ஒரு பிடி அள்ளி ஆண்டவர் பானையில் போடுவாள். தம்பி “சோ, சோ” என்று அழுவான். அவனுக்குச் சோறு என்று முழுசாகச் சொல்ல வராது.

ஒருநாள் அம்மா வெளியே தண்ணீர் எடுக்கப் போயிருந்தபோது, நான் அந்தப் பானைக்குள் கைவிட்டேன். தம்பிக்குக் கொஞ்சம் மென்று ஊட்டலாம் என்று எண்ணம். அம்மா குடத்தோடு உள்ளே வந்துவிட்டாள். குடத்தை இறக்கிய வேகத்தில் அகப்பையை எடுத்து என் புறங்கையில் ஒரு போடு போட்டாள்.

“ஏலே, அது யாருக்குள்ளது? ஆண்டவர் அரிசியத் தொட்ட கை அழுகிப் போயிரும், தெரியுமா?”

நான் கையை மூடிக்கொண்டு அழுதேன். வலியைவிட பயம் அதிகம். கை அழுகத் தொடங்கிவிட்டதா என்று அடிக்கடி முகர்ந்து பார்த்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான், அரிசி புடைக்க இரவல் வாங்கிய சுளவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வரும்படி அம்மா என்னைப் பெரியவர் வீட்டுக்கு அனுப்பினாள். ஆனி மாதம், சாரல் விழுந்துகொண்டிருந்தது. நனையாமலிருக்கச் சுளவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கொல்லைப்பக்கமாகப் போனேன். அங்கே அவ்வளவு கோழிகளை நான் அதுவரை பார்த்ததில்லை. குற்றாலத்தில் சீசனுக்கு வந்து பங்களாக்களில் தங்குகிற துரைமாருக்கும் பெரிய இடத்து ஆட்களுக்கும் பெரியவர்தான் கோழி விலைக்குக் கொடுத்துவந்தார். பெரியவர் வீட்டம்மா ஒரு பெட்டியிலிருந்து அள்ளி அள்ளி இறைத்துக்கொண்டிருந்தாள். என் காலடியில் வந்து விழுந்ததைப் பார்த்தேன். வெள்ளை அரிசி, சிவப்பு அரிசி, நொய், நடுவில் சோளம், சாமை. அப்படி ஓர் அரிசி எந்தக் கடையிலும் கிடைக்காது.

“பெரியம்மா, இது கைப்பிடி அரிசில்லா?” என்றேன்.

“ஆமா, வேற என்ன? மனுசன் தின்னுவானா இத?” என்றாள் அவள், கையை நிறுத்தாமல். “கோழியாவது தின்னு சத போடட்டும். சொளவ அங்கன சாத்திட்டுப் போ.”

நான் கோழிகளைக் கவனமாகப் பார்த்தேன். ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை. கொண்டைகள் சிவப்பாக இருந்தன, அலகுகள் மினுமினுத்தன. வீட்டுக்கு ஓடிவந்து அம்மாவிடம் என் சந்தேகத்தைக் கேட்டேன்.

“அம்மா, ஆண்டவர் அரிசியத் தொட்டா கை அழுகிரும்னியே. பெரியவர் வீட்டுக் கோழியெல்லாம் அதத்தான் தின்னுது. அதுக்கு மட்டும் ஏன் வாய் அழுகல?”

அம்மா தம்பியை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். தட்டிய கை நின்றது. என்ன பார்த்தாய் என்று கேட்டாள். சொன்னேன். திரும்பவும் சொல்லச் சொன்னாள். சாமை கிடந்ததையும் சொன்னேன். தம்பியை அக்காவிடம் கொடுத்துவிட்டு எழுந்து, தலையில் ஒன்றும் போடாமல் சாரலில் இறங்கிப் போனாள். திரும்பி வந்தபோது அவள் முகத்தை எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை. என் கையை இழுத்துப் புறங்கையைத் திருப்பிப் பார்த்தாள்.

“கோழிக்காக எம்பிள்ளைய அடிச்சிருக்கேன்” என்றாள். என்னிடம் சொன்னது போலவும் இருந்தது, சுவரிடம் சொன்னது போலவும் இருந்தது. பிறகு, “உங்கிட்ட ஆண்டவரப் பத்திப் பொய் சொல்லிட்டேன்லே. கை அழுகாது. அவரு அப்படிப்பட்டவரு இல்ல” என்றாள்.

அதைச் சொல்லிவிட்டு அந்தப் பானையைக் கவிழ்த்து உலை வைத்தாள். தம்பி அன்று வயிறு நிறையக் கஞ்சி குடித்தான்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா வெறுங்கொட்டானோடு கோயிலுக்குப் போனாள். ஆராதனை முடிந்தது. ஆராதனை நடத்துகிற உபதேசியார் பெட்டியை வாசலுக்குக் கொண்டுவரச் செய்தார். பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வழக்கம்போல ஒரு விலை சொன்னார். அப்போது பெண்கள் பக்கமிருந்து அம்மாவின் குரல் வந்தது.

“அண்ணாச்சி, உங்க கோழிக்கு இன்னைக்கு நான் ஒண்ணும் கொண்டு வரல.”

கூட்டம் திரும்பிப் பார்த்தது. பெரியவர் சிரித்தார்.

“என்ன பிள்ள சொல்லுத?”

“எங்க பிள்ளைக வாயில விழாம எடுத்து வச்ச அரிசி உங்க கொல்லையில கெடக்கத நான் கண்ணால பாத்தேன். ஆண்டவருக்குன்னு கொடுத்தோம். உங்களுக்குன்னு கொடுக்கல.”

“ஏலத்துல எடுத்த பொருள நான் கோழிக்கும் போடுவேன், ஆத்துலயும் போடுவேன். அத நீ கேக்கப்படாது.”

உபதேசியார் நல்ல மனிதர், ஆனால் சம்பளத்துக்குப் பெரியவரைப் பார்த்திருக்கிறவர். “சபையில பொம்பளைக சத்தம் போடப்படாதும்மா” என்றார் மெதுவாக.

அம்மா பெட்டியருகே வந்து நின்றாள். “ஏலம் வேண்டாம். கஞ்சிக்கில்லாத பிள்ளைக உள்ளவங்க வாங்க. மடிய ஏந்துங்க, நான் அள்ளிப் போடுதேன்” என்றாள்.

ஒருவரும் வரவில்லை. எங்கள் தெருவில் அன்றைக்குக் கஞ்சிக்கு இருந்த வீடுகள் மிகச் சில. எல்லாருடைய கண்ணும் பெட்டியில்தான் இருந்தது, கால் மட்டும் நகரவில்லை. எனக்கு அவர்கள் மேல்தான் முதலில் கோபம் வந்தது. பெரியவர் அவர்களைப் பார்த்துக்கொண்டே நின்றார் என்பதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

“பாத்தியா? ஒருத்தருக்கும் வேண்டாமாம்” என்றார் பெரியவர். பெட்டி அவர் வீட்டுக்குப் போயிற்று.

சபைக் கமிட்டி கூடிப் பேசி, சபையில் ஒழுங்கீனம் செய்த அம்மா பெரியவரிடம் மன்னிப்புக் கேட்கிறவரை நற்கருணைப் பந்தியில் சேரக்கூடாது என்று தீர்மானித்தது. கேட்கச் சொல்லி அப்பாவிடம் ஆள் அனுப்பினார்கள். அப்பா மலையாளத்திலிருந்து வந்து மாட்டை அவிழ்க்குமுன்னே செய்தி அவர் காதில் விழுந்துவிட்டது.

“ஏட்டி, ஒரு வார்த்த. தப்புன்னு சொல்லிரு. வண்டி அவரோடதுல்லா” என்றார்.

“தப்புப் பண்ணுனவரு கோழிய வளக்காரு. நான் பிள்ளைய வளக்கேன். நான் ஏன் கேக்கணும்?”

“கோவம் ஆகாதுட்டி. வேதத்துல என்ன சொல்லியிருக்கு?”

“கோயில் வாசல்ல யாவாரம் பண்ணுனவங்கள ஆண்டவரு சாட்டையெடுத்து வெரட்டுனதும் அதுலதான் இருக்கு.”

அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். வண்டியை மட்டும் பெரியவர் பிடுங்கவில்லை. அந்தப் பிடி தன் கையில் இருக்கட்டும் என்று வைத்திருந்தாரோ என்னவோ.

அம்மா மன்னிப்பும் கேட்கவில்லை, கோயிலுக்குப் போவதை நிறுத்தவும் இல்லை. குருவானவர் வந்து நற்கருணை கொடுக்கிற ஞாயிறுகளில் எல்லாப் பெண்களும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் போய் முழங்காலில் நிற்பார்கள். அம்மா மட்டும் பின்வரிசையில் நேராக உட்கார்ந்திருப்பாள். எனக்கு வெட்கமாயிருக்கும். அவள் மடியில் தம்பி இருப்பான்.

கைப்பிடி அரிசி எடுப்பதையும் அவள் விடவில்லை. ஆனால் அதைச் சனிக்கிழமை சாயங்காலம் முந்தியில் முடிந்துகொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு, பிள்ளை அழுகிற வீடுகளின் பின்வாசலுக்குப் போவாள். கோயில் வாசலில் மடியை ஏந்தாத அதே பெண்கள் அடுப்படியில் ஏந்தினார்கள். ஒருத்தி வாங்கிக்கொண்டு அழுதாள். “அழாதட்டி. உன் வீட்டுல இருந்தா நீ இன்னொருத்திக்குக் கொண்டு போ” என்றாள் அம்மா. திரும்பும் வழியில் நான் கேட்டேன், ஆண்டவர் அரிசியை ஆட்களுக்குக் கொடுக்கலாமா என்று.

“அவருக்குப் பசிக்குமாலே? நம்ம மறந்திரக் கூடாதுன்னுதான் கேட்டாரு. ஒரு பிடி எடுக்கும்போது, இல்லாதவன் ஞாபகம் வரும்லா, அதுக்குத்தான்.”

மற்றப் பெண்களும் அப்படியே செய்யத் தொடங்கினார்கள் போலிருக்கிறது. கோயில் பெட்டியில் அரிசி குறைந்துகொண்டே வந்தது. பெண்களுக்கு விசுவாசம் குறைந்துவிட்டதாக உபதேசியார் பிரசங்கத்தில் வருத்தப்பட்டார்.

இதற்கிடையில் எங்கள் வீட்டுக் குடும்ப ஜெபத்தில் ஒரு புது வேண்டுதல் சேர்ந்திருந்தது. விளக்கேற்றி நாங்கள் முழங்காலில் நின்றதும், அப்பாவுக்காக, எங்களுக்காக, சண்டை ஓய்வதற்காக என்று எல்லாம் முடிந்தபிறகு அம்மா சொல்வாள். “ஆண்டவரே, எங்க சபைப் பெரியவர நினைச்சுக்கிடும். அவரு வீட்டையும், அவரு கொல்லையில நிக்க கோழிகளையும் நினைச்சுக்கிடும். எதையும் மறந்திராதேயும்.” சத்தம் போட மாட்டாள். அவ்வளவு அமைதியாக அவள் வேறெதையும் சொல்லி நான் கேட்டதில்லை.

பிள்ளைகளுக்கு வேதப்பாடம் நடக்கும் ஓய்வுநாள் பள்ளியில் ஒருநாள் உபதேசியார், சத்துருக்களுக்காக ஜெபிக்கிறவர்களை உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். நான் எழுந்து நின்று, என் அம்மாவின் ஜெபத்தை ஒரு வார்த்தை விடாமல், அவள் சொல்வது போலவே சொன்னேன். பிள்ளைகள் கேட்டுக்கொண்டார்கள். அவர்கள் வீடுகளில் போய்ச் சொன்னார்கள். கொஞ்ச நாளில் தெருவில் வேறு சில வீடுகளிலும் விளக்கேற்றும் நேரத்தில் பெரியவரின் கோழிகள் நினைக்கப்பட்டன.

ஒரு சாயங்காலம் உபதேசியார் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. குடையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

“பெரியவருக்குத் தூக்கமில்லையாம்மா. கோழியும் ஒண்ணொண்ணா விழுதாம். மன்னிப்பெல்லாம் வேண்டாம்னுட்டாரு. வார ஞாயித்துக்கிழம நீ பந்திக்கு வரலாம். அந்த ஜெபத்த மட்டும் நிறுத்திரச் சொன்னாரு.”

அம்மா தம்பியின் வாயைத் துடைத்துவிட்டு எழுந்தாள்.

“பந்திக்கு வாரேன்யா. அது அவரு வீட்டுப் பந்தி இல்ல. ஜெபத்த நிறுத்த மாட்டேன். அந்த அரிசி ஏலத்துக்குப் போறது நிக்கிற வரைக்கும் அவர நினைக்கத்தான் செய்வேன்னு சொல்லுங்க.”

உபதேசியார் ஏதோ சொல்ல வாயெடுத்து, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, அவசரமாகத் தெருவில் இறங்கிப் போனார். அவருடைய தோள் குலுங்கியதைப் பார்த்து, மனிதர் அழுகிறார் என்று எண்ணிக்கொண்டேன்.

எனக்கு ஒன்றுமட்டும் விளங்கவில்லை. ஊரே கூடித் தனக்காக ஜெபிப்பதை ஒருவர் ஏன் வேண்டாம் என்று சொல்ல வேண்டும்? வாசலில் உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தேன். கடைசியில், பெரியவர் மிகவும் தாழ்மையுள்ளவர், தனக்கு அதற்குத் தகுதி இல்லை என்று நினைக்கிறார் என்று தீர்மானித்துக்கொண்டு, அன்று விளக்கேற்றியதும் அவருக்காக நானும் கொஞ்சம் சத்தமாகவே ஜெபித்தேன்.